அக்காவின் வலது கண்

அக்கா வீட்டில் தண்ணீர் குடிக்க ஒரு டம்ளரை எடுத்தேன். அடுப்படியிலிருந்து அவளுடைய மாமியார் எட்டிப் பார்த்து, "அத எடுக்காதம்மா, அது ஒன் அக்காவோடது. வேற எடுத்துக்க," என்றார்.

டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தட்டிலும் அதே புள்ளி, ஒரு கரண்டியின் காம்பிலும் அதே புள்ளி. பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளுக்கென்று தனியாகத் தேய்க்கிற பஞ்சு ஒன்று ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மாமியார் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். நிமிரவில்லை.

நான் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். குறிப்பாக, ஹெர்பிஸ் என்ற ஒரே ஒரு வைரஸ் குடும்பம். அது மனித உயிரணுவுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்த பிறகு அந்த உயிரணுவைத் தனக்கு எப்படி வேலை வாங்குகிறது என்பதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிரம்பானில் நான் இருக்கிற ரஹாங்கிலிருந்து காலையில் ரயில் ஏறி ஆய்வகத்துக்குப் போனால் நாள் முழுக்க அதே வேலை. வெளிநாட்டு மாநாடுகளில் மேடை ஏறி அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என் கூடப் பிறந்தவளின் தட்டில் அந்த வைரஸின் பெயரால் புள்ளி வைத்திருந்தார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

அக்காவின் வீடு மந்தின் என்ற சின்ன ஊரிலிருந்து உள்ளே போகிற சாலையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தது. நாங்கள் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அப்போது அங்கே கித்தா மரம், பால் வெட்டுகிற ரப்பர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் டவுனுக்கு வந்துவிட்டேன். அக்கா அதே தோட்டத்தில் கல்யாணம் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். அவள் கணவர், என் மாமா, பழக்குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். அக்கா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை ஒட்டிய பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தாள். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, கை கழுவி விடுவது, மத்தியானம் தூங்க வைப்பது. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்கும் என்பதையெல்லாம் என்னிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கேட்கிற மாதிரி 'ம்' கொட்டிக்கொண்டு சமைப்பேன்.

முதலில் அக்காவுக்கு வலது கண் சிவந்தது. தூசு விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். சிவப்பு போகவில்லை என்றதும் தோட்டத்துக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே டாக்டர் கிடையாது, மருந்து கொடுக்கிற உதவியாளர்தான். அவரை இன்னும் எல்லோரும் 'டிரஸ்ஸர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் அக்காவின் கண்ணைத் திறந்து பார்த்தாரா என்பதே சந்தேகம். ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். விட்டதும் சிவப்பு குறைந்தது. அக்கா சந்தோஷமாக இன்னொரு புட்டி வாங்கி வந்தாள். அதுவும் முடிகிற நேரத்தில்தான் எனக்கு ஃபோன் பண்ணினாள்.

"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே இருக்கு பாப்பா. லைட்டப் பாத்தா கூசுது. பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் புகை மூட்டம் மாதிரி தெரியுது."

"என்ன மருந்து விடுற? புட்டியில என்ன எழுதியிருக்கு, படி."

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீராய்டு. கண்ணில் ஹெர்பிஸ் புண் இருக்கும்போது அந்த மருந்தை மட்டும் விட்டால், சிவப்பும் வலியும் குறைகிற மாதிரி இருக்கும். உள்ளே வைரஸை எதிர்க்கிற வேலை நின்றுபோகும். புண் பரவும். இதை மருத்துவப் படிப்பின் முதல் வருடங்களிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வெளிச்சத்தில் கண்ணைப் பார்க்காமல் இந்தச் சொட்டு மருந்தைக் கொடுக்காதே என்பது அவ்வளவு சாதாரணமான விதி. அந்தக் கிளினிக்கில் அப்படிப் பார்ப்பதற்கான விளக்குகூடக் கிடையாது. தோட்டத்துக் கம்பெனி வாசலுக்குப் புதிதாக ஆர்ச் கட்டியிருந்தது, கிளினிக்குக்கு ஒரு விளக்கு வாங்கவில்லை. டிரஸ்ஸர் மீது கோபப்படுவதா, அவரை ஒரு விளக்குகூட இல்லாமல் உட்கார வைத்தவர்கள் மீது கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் மீதும் பட்டேன். இன்னமும் படுகிறேன்.

மறுநாளே அவளைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாமாவின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், போகிற வழியில் தெமியாங்கில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று காரில் ஏறிக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குள்ளும் கூடவே வந்தார். தன் அண்ணிக்குத் துணையாக வருகிறார் என்று நான் நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், மலாய்க்காரர், பொறுமையானவர். கண்ணில் ஒரு சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்துத் திரையில் அக்காவின் கருவிழி தெரிந்தது. அதன் நடுவில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டு, கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் சின்னக் குமிழோடு ஒரு புண். அந்தப் படத்தை நான் கட்டுரைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அழகான படம் என்றுகூட ஒரு தடவை நினைத்து, என் உரையின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அது என் அக்காவின் கண்.

டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பி மலாயில் மெதுவாகச் சொன்னார். அதில் ஹெர்பிஸ் என்ற சொல் வந்தது. அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையை நிமிர்த்தினார்.

கார் நிறுத்துகிற இடத்தில் என்னைத் தனியாகக் கேட்டார். "ஹெர்பிஸ்னா அந்த வியாதிதானே?"

"எந்த வியாதி?"

"அதான்லா. கண்டவங்களோட போனா வர்றது."

நான் நின்று விளக்கினேன். இது வேறு வகை, வாய் ஓரத்தில் புண் வருமே அதே வைரஸ், சின்ன வயதிலேயே எச்சில் வழியாகப் பாதிப் பேருக்கு மேல் வந்துவிடும், உடம்புக்குள்ளேயே இருக்கும், எப்போதாவது வெளியே வரும். அவர் தலையை ஆட்டி, "ஓ, அப்படியா," என்றார். புரிந்துகொண்டார் என்றே நம்பினேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. நான் சொன்ன விளக்கம் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை எனக்குத் தெரியாது. நான் ஒரு பரிசோதனையின் நடுவில் இருந்தேன். வாரம் ஒருமுறை ஃபோன் பண்ணுவேன். "கண்ணு எப்படி இருக்கு?" "பரவால்ல." "மாத்திரை போடுறியா?" "போடுறேன்." அவ்வளவுதான். பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அவள் பேசவே இல்லை என்பதை நான் கவனித்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. தட்டு தனி, துணி துவைக்கிற வாளி தனி, மாமாவுக்குக் கூடத்தில் பாய். பள்ளியிலிருந்து 'கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள்' என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்கு அரிசி களையப் போனவளை, "நீ உக்காரு, நாங்க பாத்துக்கிறோம்," என்று இரண்டு பெண்கள் கையைப் பிடிக்காமலேயே ஓரமாக நகர்த்தியிருந்தார்கள்.

அந்த வைரஸ் உண்மையில் என்ன செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்குக் கால் கிடையாது, எஞ்சின் கிடையாது. தோலிலோ வாயிலோ நுழைந்து நரம்பின் நுனியைப் பிடிக்கிறது. நரம்பு உயிரணுவுக்குள் சாமான்களை இழுத்துப் போகிற மிகச் சின்ன இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் தொற்றிக்கொண்டு, உயிரணுவின் உட்கரு வரைக்கும் போய்ச் சேர்கிறது. தோலில் இருக்கும்போது அது உயிரணுவின் சொந்த உத்தரவுகளை வெட்டிப் போடுகிறது, தன் உத்தரவுகளை மட்டும் ஓட விடுகிறது. தனக்குள் ஏதோ தவறாக நடக்கிறது என்பதை உயிரணு வெளியில் காட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. என் ஆராய்ச்சி இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றியது. நரம்பு முடிச்சில் மட்டும் அது எதுவும் செய்யாமல் வருடக்கணக்கில் படுத்திருக்கிறது. காய்ச்சலோ, கடும் வெயிலோ, மனக் கஷ்டமோ வந்தால் எழுந்து, போன வழியிலேயே திரும்பி வருகிறது. சிலருக்கு உதட்டுக்கு. சிலருக்குக் கண்ணுக்கு.

இதை வைத்துத் தோட்ட வாழ்க்கைக்கு உவமை சொல்லும்படி ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். வைரஸுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து, தட்டைக் கவிழ்த்து, காய்கிற வரைக்கும் காத்திருந்தவருக்கு உண்டு.

டம்ளரைக் கொண்டுபோய் அடுப்படி மேடையில் வைத்தேன். மாமியார் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். மாமா வாசலில் மோட்டர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நான் பேச ஆரம்பித்த குரலைக் கேட்டு உள்ளே வந்தார்.

"அத்தை, காய்ச்சல் வந்தா ஒங்க ஒதட்டோரத்துல கொப்புளம் வருமே, அதுக்கு என்ன போடுவீங்க?"

"சுண்ணாம்பு வைப்பேன். ஏன்?"

"அதுவும் இதேதான். ஒங்களுக்கு ஒதட்டுல வருது, அக்காவுக்குக் கண்ணுல வந்துச்சு. ஒரே வைரஸ்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னைய சொல்றியா?"

"ஒங்களையும் சொல்றேன், என்னையும் சொல்றேன். சின்னப் பிள்ளையா இருக்கும்போது யாராவது முத்தம் குடுத்திருப்பாங்க. அதுலயே வந்துடும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஒங்க தட்டுல மட்டும் ஏன் புள்ளி இல்ல?"

"எங்க எல்லாருக்கும் இருக்குன்னா, அவளுக்கு மட்டும் ஏன் கண்ணுல வந்துச்சு?"

நேர்மையான கேள்வி அது. அதே கேள்வியைத்தான் உலகத்தில் பல ஆய்வகங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் வராமல் இருக்கிறது, இன்னொருவருக்குப் பார்வையே போகிறது? சில காரணங்கள் தெரியும், முழுசாகத் தெரியாது.

"அது இன்னும் சரியாத் தெரியாது அத்தை. அதத்தான் நாங்க படிச்சிட்டிருக்கோம்."

"தெரியாதுல்ல," என்றார் அவர். மகனைப் பார்த்தார். கரண்டியை மறுபடியும் எடுத்தார்.

என் தொழிலில் 'தெரியாது' என்பது கௌரவமான சொல். அதைச் சொல்லத் தயங்குகிறவனை நாங்கள் நம்புவதில்லை. அந்த அடுப்படியில் அந்தச் சொல்லைப் பிடுங்கி என் மீதே எறிந்தார்கள். மாமாவின் பக்கம் திரும்பினேன்.

"மாமா, அக்கா எந்தத் தப்பும் பண்ணல. இது அந்த மாதிரி வியாதி இல்ல. டாக்டரே சொன்னாங்க. நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார் அவர்.

"அதத்தான் கேக்குறேன். நீங்க ஒண்ணுமே சொல்லல."

அவர் கையில் இருந்த துணியை மடித்தார். விரித்தார். திரும்பவும் மடித்தார். அக்கா கூடத்திலிருந்து, "போதும் பாப்பா, சாப்பிட வா," என்றாள். நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்து மைலோ கொண்டுவரச் சொன்னார். படித்தவர், மரியாதையானவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஒன்றைக்கூட மறுக்கவில்லை.

"எனக்குப் புரியுது மிஸ். நான் நெட்லகூடப் படிச்சேன். நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா பேரண்ட்ஸுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். கூட்டம் போடுங்க."

"கூட்டம் போட்டா இன்னும் பெருசாகும். இப்பவே ரெண்டு பேரு பிள்ளைய மாத்தப் போறேங்கறாங்க. பிள்ளைங்க கொறஞ்சா பள்ளியவே மூடிடுவாங்க. கொஞ்சம் எங்க நெலமையையும் பாருங்க."

பள்ளியை மூடிவிடுவார்கள் என்று சொன்னதும் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மூடப்படுவதற்கு எங்களில் யாரும் காரணமாக இருக்க மாட்டோம், அது அவருக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் வாய்ப்புண்ணோடு ஒரே தண்ணீர்ப் புட்டியில் மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள் என்று கேட்டேன். அக்கா மைலோவைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். எங்களுக்கு நன்றி சொல்லி வாசல் வரை வந்து அனுப்பினார் அந்த அம்மா. இவ்வளவு மரியாதையாக ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது மந்தின் கடைத்தெருவில் காரை நிறுத்தினேன். ஏதாவது சாப்பிடலாம் என்றேன். அக்கா இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். வலது கண்ணின் நடுவில் பால் கொட்டினது போல ஒரு வெள்ளை.

"நேத்துலேருந்து எல்லாருகிட்டயும் ஒண்ணு சொல்லிட்டே இருக்கே," என்றாள்.

"என்ன?"

"இது அந்த மாதிரி வியாதி இல்ல, அந்த மாதிரி இல்லன்னு. மாமாகிட்ட சொன்னே. டீச்சர்கிட்ட சொன்னே. அந்த மாதிரியா இருந்தா?"

எனக்குப் புரியவில்லை. "என்னக்கா சொல்ற?"

"அந்த மாதிரியே இருந்திருந்தா, என் தட்டுல புள்ளி வச்சது சரியாயிடுமா? பள்ளிக்கூடத்துல வராதன்னு சொன்னது சரியா? நீ எனக்காகத்தான் பேசுறே, எனக்குத் தெரியும். ஆனா நீ பேசுறதப் பாத்தா, நான் சுத்தமா இருக்கிறதாலதான் எனக்குச் சோறு போடணும்கிற மாதிரி இருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "தோட்டத்துல யாருக்காவது அந்த மாதிரி இருக்கும்ல. அவங்க காதுல இது விழுந்தா என்ன நெனப்பாங்க?"

உடம்பின் கீழ்ப்பகுதியில் வருகிற வகையும் இதே குடும்பம். அதுவும் தோல், அதுவும் நரம்பு. பெரும்பாலும் வருகிற இடம்தான் வேறு. என் ஆய்வகத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில்தான் வளர்க்கிறோம். அங்கே எது மானமான வைரஸ், எது மானம் கெட்ட வைரஸ் என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. வெளியே வந்ததும் நானும் அந்தப் பிரிவினையைத்தான் கையில் எடுத்திருந்தேன். அவள் சொன்ன பிறகு என் கோபம் குறையவில்லை. இடம் மாறி இன்னும் அகலமானது.

"எறங்கு, சாப்பிடலாம்," என்றாள் அவளே. இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம். அவள் கறுப்புக் கண்ணாடியைப் போடவில்லை.

அந்த வாரமே ஆய்வகத்தில் என் பேராசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், என் வேலைக்காகப் பலரிடம் பேசியிருக்கிறார். நான் லீவு எடுத்ததற்குக் காரணம் கேட்டார், சொன்னேன். வருத்தப்பட்டார். பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். புது ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு ஒரு குழுவின் முன்னால் பேச வேண்டியிருந்தது. அக்காவின் கண் படம் கிடைக்குமா என்று கேட்டார். முகம் தெரியாமல், கண் மட்டும். தோட்டத்துத் தொழிலாளி, கிளினிக்கில் தவறான மருந்து, இதெல்லாம் சொன்னால் குழுவுக்கு மனதில் தைக்கும் என்றார்.

"அவங்க தோட்டத்துத் தொழிலாளி இல்ல சார், பாலர் பள்ளி உதவியாளர்," என்றேன்.

"அது பெரிய வித்தியாசமில்லை," என்றார்.

ஆஸ்பத்திரியில் திரையைப் பார்த்து நானே எடுத்த படம் ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. அவர் அறையை விட்டு வந்ததும் அதை அழித்தேன். பிறகு ஒரு நாள் அக்காவிடம் சொன்னபோது, "ஏன் அழிச்சே? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. யாருக்காவது ஒதவட்டும்," என்றாள். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுடைய கண்ணைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் முடிவு எடுத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா தோட்டத்து வீட்டை விட்டு வந்தாள். சண்டை போட்டு வரவில்லை. காலையில் சமைத்து வைத்துவிட்டு, துணிகளை இரண்டு பைகளில் அடைத்து, "நான் மந்தின்ல இருக்கப் போறேன் அத்தை," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என் வீட்டுக்கு வரச் சொன்னேன், மறுத்துவிட்டாள். மந்தினில் ஒரு டோபிக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை. கடைக்காரர் வயதான சீன அம்மா. வேலையில் சேர்ந்த அன்றே அக்கா அவரிடம் தன் கண்ணுக்கு என்ன வந்தது என்று மலாயில் சொல்லிவிட்டாள். துணி தேய்ப்பதற்குக் கைதானே வேண்டும் என்று அந்த அம்மா கேட்டாராம். அதற்கு மேல் அவருக்கு அதில் அக்கறை இருக்கவில்லை.

மாமா சாயங்காலங்களில் லாரியை விட்டுவிட்டு வந்து கடைக்கு எதிரில் நிற்பார். சில நாட்கள் ரம்புத்தானோ டுக்குப் பழமோ வாங்கி வந்து கொடுப்பார். அக்கா வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்வாள். ஒரு நாள் அவர் தன் துணிப்பையோடு வந்துவிட்டார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"இங்க வர்றேன்னு."

"அது பத்தாதுங்க." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்னைய அந்த மாதிரி நடத்தினப்போ நீங்க ஏன் பேசாம இருந்தீங்கன்னு அவங்ககிட்டயும் ஒங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டு வாங்க. எங்கிட்ட சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இன்னொரு பக்கம் கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது. சில வாரம் கழித்து அதே பையோடு திரும்பி வந்தார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நாத்தனார் எங்கள் யாரிடமும் பேசுவதில்லை. மாமியாருக்கு உடம்புக்கு முடியாதபோது அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாளாம். அவர் குடித்தாராம். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அக்கா எதிர்பார்க்கவும் இல்லை. நான் எதிர்பார்த்தேன். இன்னமும் எதிர்பார்க்கிறேன்.

வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. எதிரில் ஒரு முகம் இருப்பது தெரியும், யாருடைய முகம் என்று தெரியாது. மறுபடியும் வராமல் இருக்கத் தினமும் மாத்திரை போடுகிறாள். போட்டாலும் வராது என்று உறுதி கிடையாது. போன வருஷம் ஒருமுறை வந்தது. அன்று சிரம்பான் ஆஸ்பத்திரியின் கண் பகுதியில் நல்ல கூட்டம். வாசலில் பதிவு செய்கிற நர்ஸ் தமிழ்ப் பெண், சின்ன வயது. அக்காவின் பழைய குறிப்பைக் கணினியில் பார்த்தவள், குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, ஒங்களுக்கு முன்னாடி அந்த... அது இருந்துச்சுல்ல?" என்றாள்.

"ஹெர்பிஸ்," என்றாள் அக்கா. சந்தையில் காய் விலை கேட்கிற குரல். "வலது கண்ணுல. இப்ப மறுபடியும் வந்திருக்கு. நேத்துலேருந்து கூசுது. ஸ்டீராய்டு எதுவும் விடல."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் ஆள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். எனக்குத் தலைக்கு ஏறியது. அவர் பின்னாலேயே போய் ஏதாவது கேட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காரு. எடம் கெடச்சிருக்குல்ல."

உட்கார்ந்தேன். அவள் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, இடது கண்ணால் சுவரில் மாறுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் ஒரு பெண், முகத்தை முக்காட்டில் பாதி மறைத்திருந்தவள், அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து அக்காவுக்கு மறுபக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மலாயில் மெதுவாக, இந்த வலி எத்தனை நாளில் போகும் என்று கேட்டாள். அக்கா அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்லத் தொடங்கினாள்.